லைட் போடாத கொட்டகை

பரமத்தி வேலூரிலிருந்து நாமக்கல்லுக்குப் போகும் பஸ்ஸில் பொழுது சாய்ந்த பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்தால், ரோட்டின் இரண்டு பக்கமும் கோழிக்கொட்டகைகள் விளக்குப் போட்டுக்கொண்டு நீளநீளமாகத் தெரியும். தினமும் போகிறவர்கள் அதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. இந்த வருஷம் சித்திரையில் அவர்களும் பார்த்தார்கள். அத்தனை வெளிச்சத்துக்கு நடுவில் ஒரே ஒரு கொட்டகை இருட்டாகக் கிடந்தது. அது புளியந்தோட்டத்துத் தமிழரசுவின் கொட்டகை.

டீக்கடையில் அதற்கு மூன்று காரணம் சொன்னார்கள். கோழிக்குச் சீக்கு வந்து மொத்தமும் போய்விட்டது என்றார் ஒருவர். கரண்டு பில் கட்டவில்லை, ஃபீஸைப் பிடுங்கிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். அதெல்லாம் இல்லை, புருஷன் பெண்டாட்டிக்குள் தகராறு, அந்தப் பெண் அவனைச் சுவிட்சுப் பக்கமே விடுவதில்லையாம் என்றார் வடை போடுகிறவர். வடை போடுகிறவர் சொன்னதில் பாதி உண்மை.

கோழி அதுவாக முட்டை போடும் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் வந்ததில்லை. கொட்டகைக் கோழியை முட்டைக்கு அழைப்பது வெளிச்சம். பகல் நீண்டுகொண்டு போகிறது என்று அதன் உடம்புக்குத் தெரிந்தால்தான் முட்டை உள்ளே கட்டத் தொடங்கும். அதனால் பதினாறு, பதினேழு வாரம் ஆனதும் பொழுது போன பிறகும் விளக்கைப் போட்டு வைப்பார்கள். வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டுவார்கள். இதற்கு ‘லைட் குடுக்கறது’ என்று பெயர். லைட் கொடுத்த இரண்டு வாரத்தில் முட்டை வந்துவிடும். சிக்கல் எங்கே என்றால், உடம்பு தேறாத கோழிக்கும் வெளிச்சம் தெரியும். அதுவும் சொன்ன பேச்சைக் கேட்டு முட்டையிடும். பிறகு அதற்கும் நிம்மதி இல்லை, வளர்க்கிறவனுக்கும் நிம்மதி இல்லை.

தமிழரசு நல்ல உழைப்பாளி. நாற்பத்து நாலு வயதாகிறது, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரே குறை, காத்திருக்கத் தெரியாது. குக்கரில் ஆவி அடங்குவதற்குள் வெயிட்டைத் தூக்கிப் பார்ப்பான். அவன் தோட்டத்து மாமரத்தில் மாம்பழம் என்று ஒன்றை யாரும் கண்டதில்லை, எல்லாம் காயிலேயே இறங்கிவிடும். பத்து நிமிஷத்தில் காலி பஸ் வரும் என்றாலும் இப்போது நிற்கும் பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போவான். கல்யாணத்துக்கே ஆவணி வரைக்கும் பொறுக்காமல் வைகாசியில் நாள் பார்க்கச் சொன்ன ஆள் என்று அவன் மனைவி சௌந்தர்யா சொல்லிக் காட்டுவாள். அந்த ஒன்றில் மட்டும் அவளுக்குப் புகார் இல்லை.

போன பேட்ச் கோழிக்குப் பதினாறாவது வாரம் நடந்தபோது, அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று சௌந்தர்யா சேலம் கொண்டப்பநாயக்கன்பட்டிக்குப் போய் மூன்று நாள் தங்கினாள். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே கொட்டகையில் விளக்கு எரிந்தது. எடை போட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டாள். கையில் தூக்கிப் பார்த்தேன், கனமாகத்தான் இருந்தது என்றான். பன்னிரண்டாம் நாள் முட்டை வந்தது. அன்றைக்கு அவன் அதைச் சொல்லாத ஆள் இல்லை. முட்டை எலுமிச்சம்பழம் அளவுதான் இருந்தது. மாதம் திரும்புவதற்குள் கோழிகளுக்குப் பின்பக்கம் பிதுங்கத் தொடங்கியது. பிதுங்கிய சிவப்பைக் கண்டால் கூண்டிலிருக்கும் மற்றக் கோழிகள் சும்மா இருக்காது, கொத்தியே கொன்றுவிடும். காலையில் கூடையோடு போய்ச் செத்ததைப் பொறுக்கிக்கொண்டு வருவது சௌந்தர்யாவின் வேலையாயிற்று. மிஞ்சியதும் கடைசிவரை பெரிய முட்டை போடவில்லை. எண்பது வாரம் நிற்க வேண்டிய கோழிகளை ஐம்பத்தைந்தாவது வாரத்திலேயே கறிக்கு லாரி ஏற்றினார்கள்.

லாரி போன அன்றைக்குத் தமிழரசுவின் அண்ணன் நாச்சிமுத்து வந்தார். அவருக்கு மூன்று கொட்டகை, முப்பதாயிரம் கோழி. பாகம் பிரித்ததில் தம்பியின் ஒற்றைக் கொட்டகை நடுவில் மாட்டிக்கொண்டது. அதற்குத் தெற்கே அண்ணனின் முட்டைக் கொட்டகை. வடக்கே அவர் குஞ்சிலிருந்து கோழி வளர்க்கும் கொட்டகை. அவர் காலியான கூண்டுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“அடுத்த பேட்சும் இப்படிப் போச்சுன்னா கொட்டகைய எனக்கு உட்டுரு தமிழு. என் மூணோட இதையும் சேத்து நாலையும் நீயே பாத்துக்க. சம்பளம் போட்டுக் குடுத்தர்றேன். உனக்கு இந்தத் தலைவலியே வேண்டாம்” என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. தம்பி நொந்துபோகக் கூடாது என்றுதான் சொன்னார். சௌந்தர்யாவுக்குத் தாங்க முடியாமல் போனது அதுதான். அந்தக் கொட்டகையின் தூண் ஒவ்வொன்றுக்கும் கலவை சுமந்தவள் அவள். தமிழரசு தலையைக் குனிந்துகொண்டு சரி என்று சொல்லிவிட்டான். ஆகவே அடுத்து வந்த இந்த ஆறாயிரம் கோழியும் தேறினால் கொட்டகை அவர்களுடையது. தேறாவிட்டால் சொந்தக் கொட்டகையில் அவன் அண்ணனுக்குச் சம்பளக்காரன்.

இந்தப் பேட்சுக்கு வாய்த்தது நல்ல கத்திரி வெயில். வெயிலில் கோழி தீனி எடுக்காது. வாயைப் பிளந்துகொண்டு தண்ணீரை மட்டும் குடிக்கும். பதினேழாவது வாரம் சனிக்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன் எடை போட்டார்கள். வேலைக்கு வரும் மாரியாயி கூண்டிலிருந்து கோழியைக் கால் பிடித்து எடுத்துக் கொடுத்தாள். சௌந்தர்யா அதைத் தராசுக் கொக்கியில் மாட்டினாள். தமிழரசு நோட்டில் எழுதினான். நூறு கோழி போட்டுச் சராசரி பார்த்ததில் ஆயிரத்து நூற்றெட்டு கிராம் வந்தது. கோழி டாக்டர் சொல்லியிருந்தது ஆயிரத்து இருநூற்றைம்பது. வயதைப் பார்க்க வேண்டாம், எடை வந்த பிறகு லைட் கொடுங்கள் என்று அவர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

தமிழரசு நோட்டை மூடிவிட்டு, ஊரே லைட் கொடுத்தாயிற்று, அண்ணனும் நேற்றே கொடுத்துவிட்டார் என்றான்.

“லைட்டப் போட்டுட்டாத் தீனியும் எச்சா எடுக்கும். எடையும் தன்னால ஏறிக்கும்” என்றான்.

“போன தடவையும் இதையேதானுங்க சொன்னீங்க.”

சௌந்தர்யா அடுப்புக்கரி ஒன்றை எடுத்துவந்து தீனி ரூம் சுவரில், ஆறு சுவிட்சும் இருக்கும் பலகைக்கு மேலே, 1250 என்று பெரிதாக எழுதினாள்.

“இதுக்கு ஒரு கிராம் கொறஞ்சாலும் சுவிட்சத் தொடக்கூடாதுங்க. நீங்களும் தொடக்கூடாது, நானும் தொடக்கூடாது. செரிங்களா?”

“செரி.”

“வாயில செரின்னாப் போதாது.”

“வேறென்ன, கருப்பணார் கோயில்ல சூடம் அணைக்கட்டுமா?” என்று தமிழரசு கேட்டான். மாரியாயி கோழியைக் கூண்டில் தள்ளிக்கொண்டே சிரித்தாள்.

அன்றிலிருந்து வேலை இரண்டு பங்காயிற்று. கோழிக்குக் கிழக்கு வெளுக்கும்போதே பசி எடுக்கும், அந்தக் குளிர்ச்சியில் தின்றால்தான் உண்டு. சௌந்தர்யா ஐந்து மணிக்கெல்லாம் தொட்டிகளில் தீனியைக் கொட்டிவிடுவாள். பிறகு மணிக்கொரு தடவை இருநூறு அடி நீளமும் நடந்து, தொட்டிக்குள் கையை விட்டுத் தீனியைக் கிளறிக்கொண்டே போவாள். கிளறுகிற சத்தம் கேட்டால் கோழி எட்டிப் பார்க்கும், பார்த்தால் நாலு வாய் கொத்தும். அந்த நாலு வாய்க்காக ஒரு நாளைக்குப் பத்து நடை. தமிழரசு கூரைக்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்பி, அதன்மேல் தண்ணீர் தெளிக்கக் குழாய் போட்டான். மதியத்தில் கம்பஞ்சோற்றைக் கரைத்துக் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் கண் மூடுகிற பழக்கத்தை இருவரும் விட்டார்கள்.

நாலாம் நாள் மாரியாயிதான் முதலில் பார்த்துச் சௌந்தர்யாவைக் கூப்பிட்டாள்.

“சாமி, இங்க வந்து பாருங்க. தெக்கு வரிசைக் கோழிக்கு மட்டும் கொண்டை செவக்குது.”

கொண்டை சிவந்தால் கோழி முட்டைக்குத் தயாராகிறது என்று அர்த்தம். வடக்கு வரிசையில் எல்லாக் கொண்டையும் வெளிறித்தான் இருந்தன. சௌந்தர்யாவுக்குக் காரணம் பிடிபடவில்லை. அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் பிடிபட்டது. தெற்கே நாற்பதடி தள்ளி நாச்சிமுத்துவின் கொட்டகையில் புதிதாகப் போட்ட வெள்ளை பல்புகள் எரிந்தன. அந்த வெளிச்சம் கம்பிவலைக்குள் நுழைந்து இவர்களுடைய தெற்கு வரிசைக் கூண்டில் விழுந்தது. இவர்கள் கொடுக்காத லைட்டை அண்ணன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அவளே நேரில் போய்ச் சொன்னாள். நாச்சிமுத்து அவளை உட்காரச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

“வெளிச்சத்துக்கு நான் எங்க போயி வேலி போடறது அம்மிணி? பேசாம நீங்களும் போட்டுருங்க. ரெண்டு கொட்டகையும் ஒண்ணா முட்டைக்கு வந்துரும்.”

“இல்லீங்க மாமா. நாங்க மறைச்சுக்கறோம்.”

“இருநூறு அடியவா?”

“ஆமாங்க.”

மக்காச்சோளம் வந்த கோணிச் சாக்குகள் தீனி ரூமில் மூட்டையாகக் கிடந்தன. அவற்றைப் பிரித்து, இரண்டிரண்டாக அடுக்கி, கோணி ஊசியும் சணலும் வைத்துத் தைத்தார்கள். மூன்று பேரும் நாலு மத்தியானம் தைத்தார்கள். தமிழரசுவுக்கு விரலெல்லாம் பொத்தல். ஊசி ஏறும்போதெல்லாம் அண்ணனின் பல்பைத் திட்டினான். ஐந்தாம் நாள் கொட்டகையின் தென்புறம் முழுவதும் சாக்குப் படுதா தொங்கியது. ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். கோழிக்கு வெட்கமாம், மறைப்புக் கட்டியிருக்கிறார்கள் என்று டீக்கடையில் பேச்சாயிற்று.

வெளிச்சத்தை மறைத்தால் காற்றும் நின்றுபோகும். சித்திரையில் கொட்டகைக்குள் நுழைகிற ஒரே காற்று பொழுதோடு வீசும் தெற்குக் காற்றுதான். படுதாவை ஆறரைக்கு இறக்கிவிட்டால் உள்ளே புழுக்கம் தாங்காது. சௌந்தர்யா குழாயைப் பிடித்துப் படுதாவை நனைத்துக்கொண்டே இருப்பாள். நாச்சிமுத்து கொட்டகையில் விளக்கு அணைந்ததும் இங்கே படுதாவைச் சுருட்டிக் கட்டுவார்கள். முதல் வாரம் அது எட்டு மணி. அடுத்த வாரம் எட்டரை. அதற்கடுத்த வாரம் ஒன்பது. அண்ணன் அரை மணி நேரம் கூட்டக் கூட்டத் தம்பி வீட்டில் சாப்பாடும் அரை மணி நேரம் தள்ளிப்போனது.

பதினெட்டாவது வாரம் எடை ஆயிரத்து நூற்று நாற்பது. பத்தொன்பதாவது வாரம் ஆயிரத்து நூற்று அறுபத்தெட்டு. அந்த வாரம் ஒரே மத்தியானத்தில் வெக்கை தாங்காமல் பதினோரு கோழி செத்தது. அதைக் குழியில் போட்டு மூடும்போது சௌந்தர்யாவுக்குப் பயம் வந்தது. தன் பிடிவாதத்தால்தான் இந்தக் கொட்டகை கையை விட்டுப் போகப் போகிறதோ என்ற பயம். அதை அவள் தமிழரசுவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் அந்த நிமிஷமே சுவிட்சைப் போட்டுவிடுவான் என்று நினைத்தாள். அவனோ ஒரு தடவைகூட லைட் பேச்சை எடுக்கவில்லை. குக்கர் வெயிட்டைத் தூக்கிப் பார்க்கிற ஆள் இப்படி வாயை மூடிக்கொண்டிருப்பது அவளுக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது.

வைகாசி பிறந்து நாலாம் நாள் கோடை மழை பெய்தது. மண் குளிர்ந்தது. கோழிகள் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தவைபோலத் தொட்டியை வழித்துத் தின்றன. இருபதாவது வாரம் எடை ஆயிரத்து இருநூற்றைந்து. எடை போட்டு முடித்தபோது முட்டை வியாபாரி வேலுசாமி வந்தார். ஒன்பது வருஷமாக இவர்களுடைய முட்டையை எடுக்கிறவர். வெயிலில் எல்லாப் பண்ணையிலும் முட்டை குறைந்துவிட்டது, கேரளாவுக்கு லோடு நிரம்பவில்லை, விலை ஏறிக்கொண்டே போகிறது என்றார். இரண்டு வாரத்தில் முட்டை வருமென்றால் இந்தப் பேட்ச் முழுவதையும் தானே எடுத்துக்கொள்வதாகவும், இல்லாவிட்டால் வேறு பண்ணையைப் பிடிக்க வேண்டியிருக்கும், பிறகு வருஷம் முழுக்க அங்கேதான் எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். தமிழரசு சௌந்தர்யாவைப் பார்த்தான். சௌந்தர்யா சுவரைப் பார்த்தாள்.

“ரெண்டு நாள்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் குத்தமா நெனைக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு வேலுசாமி வண்டியைக் கிளப்பினார்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பேட்சின் முதல் அட்டை முட்டையை விற்க மாட்டார்கள், பங்காளி வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். மறுநாள் மத்தியானம் நாச்சிமுத்துவின் மனைவி கண்ணாத்தாள் ஒரு அட்டை முட்டையோடு வந்தாள். முப்பது முட்டை. சின்னதுதான், ஆனாலும் முட்டை. அதை வாங்கி வைத்துக்கொண்டு சௌந்தர்யா நல்ல வார்த்தை நாலு பேசினாள். வந்தவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். கண்ணாத்தாள் போன பிறகு அட்டையை அலமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

தமிழரசு சோயாப் புண்ணாக்கு ஏற்ற நாமக்கல் போயிருந்தான். ஆறு மணிக்குச் சௌந்தர்யா தீனி கிளறிக்கொண்டே வந்தவள் வடக்கு வரிசையில் ஒரு கூண்டுக்கு முன்னால் நின்றுவிட்டாள். கம்பிச் சரிவில் ஒரு முட்டை உருண்டு வந்து கிடந்தது. யாரும் அழைக்காமல், ஒரு கோழி தானாகவே இட்டிருந்தது. கையில் எடுத்தாள், இன்னும் சூடு இருந்தது.

கை தன்னால் போனது என்று சொன்னால் அது பொய். அவள் யோசித்துத்தான் போனாள். எடையில் குறைகிற நாற்பத்தைந்து கிராம் என்பது ஒரு பிடி சோளம். கோழியே தயார் என்கிறது. வேலுசாமி போய்விட்டால் இன்னொரு வேலுசாமி கிடைப்பாரா என்று தெரியாது. இடுப்பு விட்டுப்போயிருந்தது. இன்றைக்கும் இருநூறு அடிப் படுதாவை இறக்க வேண்டும், நனைக்க வேண்டும், ஒன்பதரை வரைக்கும் காத்திருந்து சுருட்ட வேண்டும். எத்தனை நாளைக்கு? தீனி ரூமுக்குள் போனாள். சுவரில் தான் எழுதிய எழுத்தைப் பார்க்காமல் ஆறு சுவிட்சையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள்.

ஒன்றும் எரியவில்லை.

கரண்டு இல்லையோ என்று தீனி ரூம் டியூப்லைட்டைப் போட்டாள், அது எரிந்தது. ஃபீஸைப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. செல்போன் விளக்கைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள் போய், பல்புக்கு மேல் கவிழ்த்திருக்கும் தகரத் தொப்பிக்குள் எட்டிப் பார்த்தாள். உள்ளே பல்பு இல்லை. அடுத்ததிலும் இல்லை. பத்து, இருபது என்று பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றில்கூட இல்லை.

படுதாக் கயிற்றோடு மாரியாயி பின்னால் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்தவள் என்று தெரிந்தது.

“பரண் மேல பாருங்க சாமி” என்றாள்.

பரணில் மருந்துப் பெட்டிக்குப் பின்னால் இரண்டு முட்டை அட்டைகள் இருந்தன. அட்டைக்கு முப்பது குழி. குழிக்கு ஒரு பல்பாக, முட்டையை அடுக்குவதுபோல ஒன்றுகூட உடையாமல் அறுபதும் அடுக்கியிருந்தது. மேலே ஒரு விரல் கனத்துக்குத் தீனித் தூசி. அவர்தான் கழற்றினார், நான் ஏணி பிடித்தேன், வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சொல்லிவிட்டார் என்றாள் மாரியாயி.

சௌந்தர்யா தீனி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். அழுகை வந்தது. வருத்தத்தில் வந்ததல்ல, வெட்கத்தில் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாக அந்த மனுஷனை என்னவெல்லாம் சொல்லியிருக்கிறோம் என்று நினைக்க நினைக்க அது நிற்கவில்லை. தெற்கே அண்ணனின் விளக்குகள் எரியத் தொடங்கின. மாரியாயி படுதாவை இறக்கப் போனாள். சௌந்தர்யாவும் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு மற்றொரு முனையைப் பிடிக்கப் போனாள்.

தமிழரசு ஏழரைக்கு வந்தான். மூட்டைகளை இறக்கிவிட்டுத் தீனி ரூமுக்குள் வந்தவன், தராசுப் பலகையில் இரண்டு அட்டையும் இருப்பதைப் பார்த்து அப்படியே நின்றான்.

“எப்பக் கழட்டுனீங்க?” என்று சௌந்தர்யா கேட்டாள்.

“மொதல்ல எடை போட்டமில்ல, அன்னைக்கு மத்தியானமே.”

“ஏனுங்க?”

அவன் துண்டை உதறித் தோளில் போட்டான்.

“நீ சோறாக்க ஊட்டுக்குப் போயிட்ட. நான் இங்க தனியா நின்னேன். அஞ்சு நிமிசத்துல ரெண்டு தடவ சுவிட்சுக்கிட்டப் போயிட்டேன். என் கை எப்படிப்பட்டதுன்னு எனக்குத் தெரியாதா? அதான் கழட்டிட்டேன். அறுவது பல்பத் திருப்பி மாட்டோணும்னா ஒரு மணி நேரம் ஏணியில நிக்கோணும். அதுக்குள்ள எனக்கே வெக்கம் வந்துருமில்ல.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னாச் சிரிப்ப. அதுமில்லாம உனக்கெதுக்குச் சொல்றது? நீதான் தொட மாட்டியே.”

சௌந்தர்யா பல்புகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “இன்னைக்கு ஆறு சுவிட்சையும் போட்டேனுங்க.”

அவன் சிரிப்பான் என்று நினைத்தாள். இத்தனை நாள் பேச்சுக்கும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பான், கொடுக்கட்டும் என்று காத்திருந்தாள். அவன் சிரிக்கவில்லை. பானையிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டுவந்து அவளிடம் கொடுத்தான். அவள் குடித்து முடிக்கும் வரைக்கும் நின்றான்.

“வேலுசாமிக்கு நானே போன் பண்ணிடறேன். வேற பண்ணையப் பாத்துக்கட்டும்” என்றான்.

இரண்டு பேரும் ஆளுக்கொரு அட்டையைத் தூக்கித் திரும்பப் பரணில் வைத்தார்கள். அன்றைக்கு ஒன்பதரைக்குப் படுதாவைச் சுருட்டியது தமிழரசுதான். கண்ணாத்தாள் கொடுத்த முட்டையில் நாலை உடைத்துப் பொரித்து, கொள்ளுப் பருப்போடு வைத்துச் சாப்பிட்டார்கள். போன பேட்சைப் பற்றிச் சௌந்தர்யா அதற்கப்புறம் பேசவில்லை.

அடுத்த சனிக்கிழமை எடை ஆயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு. எட்டு கிராம் குறைவு. சௌந்தர்யா அவனைப் பார்த்தாள்.

“மூடு நோட்ட. கிளறப் போலாம்” என்றான் தமிழரசு.

ஐந்தாம் நாள் மறுபடி நூறு கோழி போட்டுப் பார்த்தார்கள். ஆயிரத்து இருநூற்று ஐம்பத்தாறு வந்தது. நம்பிக்கையில்லாமல் வேறு கூண்டுகளில் இன்னொரு ஐம்பது போட்டார்கள், அதே எடை. அன்றைக்கு மாரியாயி ஏணியைப் பிடித்தாள், தமிழரசு ஏறினான், சௌந்தர்யா கீழேயிருந்து பல்பை ஒவ்வொன்றாகத் துடைத்துக் கொடுத்தாள். அறுபதும் மாட்டி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. சுவிட்சை நீயே போடு என்று அவன் சொன்னான். நீங்கள் போடுங்கள் என்று அவள் சொன்னாள். கடைசியில் ஆளுக்கு மூன்றாகப் போட்டார்கள். ஏழு மணி பஸ்ஸில் வந்தவர்கள் டீக்கடையில் இறங்கிச் சொன்னதும், சமாதானம் ஆயிட்டாங்க என்றார் வடை போடுகிறவர்.

பதினோராம் நாளிலிருந்து முட்டை வந்தது. முதல் நாள் நாற்பது, அடுத்த நாள் நூறு, ஒரு வாரத்தில் கூடையில் எடுத்து மாளவில்லை. முதல் முட்டையே நாற்பத்தேழு கிராம் இருந்தது. பின்பக்கம் பிதுங்கிய கோழி என்று அந்த மாதம் முழுக்கத் தேடியும் மூன்றுதான் அகப்பட்டது. பல்பு வைத்திருந்த அட்டைகளில் ஒன்றில் முப்பது முட்டையை அடுக்கிச் சௌந்தர்யா அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். நாச்சிமுத்து ஒரு முட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். அவருடைய தெற்குக் கொட்டகையில் அப்போது கொத்து விழுந்துகொண்டிருந்தது, தினமும் ஒரு கூடை செத்த கோழி வெளியே வந்தது. முப்பதாயிரம் வைத்திருக்கிறவருக்கு அது ஒரு கீறல்தான். அவர் முட்டையைக் குழியில் திரும்ப வைத்தார்.

“நல்லாருக்குது அம்மிணி” என்றார். கொட்டகையை விடும் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. அட்டையைக் கண்ணாத்தாள் தட்டித் துடைத்து மறுநாளே திருப்பி அனுப்பினாள்.

ஆடியில் வேலுசாமி வந்தார். பிடித்த பண்ணையில் முட்டை சின்னதாகவே நின்றுவிட்டது என்று சொல்லித் தலையைச் சொறிந்தார். தமிழரசு அவரைக் காக்க வைக்கவில்லை. காக்க வைக்க இன்னும் அவனுக்குத் தெரியாது.

ஆவணி நடுவில் ஒரு சாயங்காலம் கண்ணாத்தாள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, நேரமில்லை, ஒரு சாமான் கேட்டுப்போக வந்தேன் என்றாள். எதையோ சொல்லத் தயங்குகிறவளைப்போல வடக்கே கையைக் காட்டினாள். அங்கே அவர்களுடைய வளர்கோழிக் கொட்டகையில் அடுத்த பேட்ச் நின்றது. இங்கே எரிந்த அறுபது பல்பின் வெளிச்சம் அதன் கம்பிவலையில் விழுந்திருந்தது.

“உங்க லைட்டு எங்க கோழி மேல உழுகுது சௌந்தர்யா. உங்க பெரிய மாமா எடை போட்டுப் பாத்தாரு. இன்னும் நூறு கிராம் வரோணுமாம். அந்தச் சாக்குப் படுதா சும்மாத்தானே கெடக்குது, கேட்டு வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

சௌந்தர்யா சிரிக்கவில்லை. தமிழரசுவைக் கூப்பிட்டாள். அவன் படுதாச் சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, கண்ணாத்தாள் ஏறி வந்திருந்த டிராக்டரில் போட்டான். வண்டி நகரும் சமயத்தில் அவள் நில்லுங்க என்று சொல்லிவிட்டுத் தீனி ரூமுக்குள் ஓடினாள். காலி முட்டை அட்டை இரண்டை எடுத்துவந்து கண்ணாத்தாள் மடியில் வைத்தாள்.

“இதெதுக்கு?” என்று கண்ணாத்தாள் கேட்டாள்.

“பல்பு வெக்கறதுக்குங்க்கா” என்றாள் சௌந்தர்யா. “ஏணி புடிக்க ஆள் வேணும்னாச் சொல்லியனுப்புங்க. நான் வாரேன்.”